கூப்பிடு தூரம்

ஒரு பௌத்த பிக்கு மரத்திலிருந்து பழம் பறித்துச் சாப்பிடக் கூடாது. விநயபிடகம் அதைத் தெளிவாகவே சொல்கிறது: செடிகொடிகளைச் சேதப்படுத்துவது குற்றம். சரி, தானாகப் பழுத்து விழுந்து கிடக்கும் பழம்? அதையும் குனிந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முடியாது. யாராவது ஒருவர் அதை எடுத்து அவர் கையிலோ பாத்திரத்திலோ கொடுக்க வேண்டும். கொடுக்கப்படாத எதையும் அவர் உண்ணக் கூடாது. தண்ணீருக்கும் பல் துலக்கும் குச்சிக்கும் மட்டும்தான் விலக்கு.

கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் போகும் சாலையோரத்தில் பலா, வாழை, அன்னாசி என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். சீசனில் பலா வாசனை பைக்கில் போகிறவனையும் நிறுத்திவிடும். ஒரு பிக்குவை இந்த மலையில், மனிதர்கள் யாரும் இல்லாமல், தனியாகக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? இத்தனை பழங்களுக்கு நடுவில் அவர் பட்டினி கிடப்பார்.

இது எனக்கு வேடிக்கையாகத்தான் முதலில் தோன்றியது. பிறகு மற்ற விதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது வேடிக்கை போய்விட்டது. அவர் மண்ணைத் தோண்டக் கூடாது. ஆகவே விவசாயம் இல்லை. தானே சமைத்து உண்ணக் கூடாது. பொன்னையோ வெள்ளியையோ, அதாவது பணத்தை, வாங்கக் கூடாது. ஆகவே கடை இல்லை. இன்று கிடைத்த சோற்றை நாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தை மட்டும் மருந்தாக ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். நடுப்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும் வரை திட உணவே கிடையாது. ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் யார் வீட்டு வாசலிலாவது நிற்க வேண்டும். தினமும்.

*

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு பொதுக் கனவு உண்டு. நாலு பேர் டீ குடிக்கப் போனால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "எல்லாத்தையும் விட்டுட்டு மலைப்பக்கம் போயிடணும்டா." பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். அந்த மலை பல சமயம் கொல்லிமலையாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கூட்டம் இல்லை; காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்; ஏறி முடித்ததும் உடம்பு குளிர்ந்துவிடும்; பல இடங்களில் செல்போன் சிக்னல் போய்விடும். சிக்னல் போவதை ஒரு வசதியாகக் கருதும் தலைமுறை எங்களுடையது.

இந்தக் கனவுக்கு ஒரு படமும் உண்டு. பனிமூட்டத்துக்குள் துவராடை அணிந்த ஒரு பிக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக நடந்து போவார். யாரும் உடன் இல்லை. மீட்டிங் இல்லை, மேனேஜர் இல்லை, ஈ.எம்.ஐ இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போது நாம் பொறாமைப்படுவது அவருடைய ஞானத்தைக் கண்டு இல்லை, அவருக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை என்பதைக் கண்டுதான்.

ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் அநேகமாகப் போய்க்கொண்டிருப்பது ஊரை நோக்கி. கையில் பாத்திரம் இருக்கிறதே.

தமிழில் நாம் 'துறவி' என்கிறோம். விட்டுவிட்டவர் என்று பொருள். நம் கவனம் முழுக்க அவர் எதை விட்டார் என்பதில் இருக்கிறது. பாலியில் 'பிக்கு' என்றால் பிச்சை எடுப்பவர். எதை விட்டார் என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்கு அக்கறை இல்லை. அவர் யாரிடம் வாங்குகிறார் என்பதை மட்டும் அது சொல்கிறது. ஒரே மனிதர்தான், ஆனால் ஒரு சொல் அவர் முதுகைப் பார்க்கிறது, இன்னொன்று முகத்தை.

எங்கள் வேலையில் ஒரு மென்பொருளை வடிவமைக்கும்போது முதலில் சார்புகளைக் குறைப்போம். இந்தப் பகுதி அந்தப் பகுதியை நம்பி நிற்கக் கூடாது. அது விழுந்தாலும் இது ஓட வேண்டும். அடிக்கடி கேட்க வேண்டியதை ஒருமுறை கேட்டு கேச்சில் வைத்துக்கொள்வோம். விநயத்தை எழுதியவர்கள் இதற்கு நேர் எதிராக யோசித்திருக்கிறார்கள். சார்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு விதியும் இருக்கிறது. சேமிப்பு நடுப்பகலில் காலாவதியாகிவிடும். மறுபடி போய்க் கேட்டே ஆக வேண்டும். அதிலும் வாய் திறந்து கேட்கக் கூடாது. நிற்கலாம், அவ்வளவுதான்.

*

அப்படியென்றால் காட்டில் வாழ்ந்த பிக்குகள்? அவர்கள் உண்மையிலேயே தனியாக இருந்தவர்கள்தானே?

இதற்குப் பதில் சொல்கிறவர் நமக்கு ஓரளவு பக்கத்து ஊர்க்காரர். 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தகோசர், அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து 'விசுத்திமக்க'த்தை எழுதியவர், காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். பிக்குகள் விரும்பினால் ஏற்கக்கூடிய 13 கடும் நோன்புகளை அவர் விவரிக்கிறார். கிழிசல் துணி மட்டும் உடுத்துவது, மரத்தடியில் இருப்பது, இடுகாட்டில் இருப்பது, படுக்காமல் உட்கார்ந்தே இருப்பது. அதில் ஒன்று வனவாசம். காடு என்றால் எவ்வளவு தூரம் என்று அளவும் சொல்கிறார்: ஊரிலிருந்து குறைந்தது 500 வில்.

வில் என்றதும் கொல்லிமலைக்காரர்களுக்கு ஓரி நினைவுக்கு வருவான். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாதத்தில் விழா எடுக்கிறார்கள். ஆனால் இது அம்பு போய் விழும் தூரக் கணக்கு அல்ல. வில்லின் நீளத்தைக் கொண்டு அளப்பது. ஒரு வில் நான்கு முழம். 500 வில் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். சமதரையில் கால் மணி நேர நடை.

வசுபந்து தன் 'அபிதர்மகோச'த்தில் 500 வில்லை ஒரு குரோசம் என்கிறார். வனவாசி ஊரிலிருந்து இருக்க வேண்டிய தூரம் அது என்றும் சேர்த்துச் சொல்கிறார். குரோசம் என்ற சமஸ்கிருதச் சொல்லுக்குக் கூவல், கத்தல் என்று பொருள். 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய சீனப் பிக்கு யுவான் சுவாங் இன்னும் எளிமையாக எழுதிவைத்தார்: ஒரு பசு கத்தினால் கேட்கும் தூரம்.

நம் ஊரில் இதற்குத் தனி விளக்கமே தேவையில்லை. கூப்பிடு தூரம்.

பௌத்த மரபு கண்ட வனத்தின் எல்லை அங்கே தொடங்கிவிடுகிறது. நான் நினைத்துக்கொண்டிருந்த காட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரின் சத்தம் தியானத்தைக் கெடுக்காத அளவுக்குத் தள்ளி, காலையில் பாத்திரத்தோடு நடந்து போய்விட்டுத் திரும்பும் அளவுக்குக் கிட்டே. தங்குமிடம் அதிகத் தூரமாகவும் இருக்கக் கூடாது, அதிகப் பக்கமாகவும் இருக்கக் கூடாது, போய்வர வழி இருக்க வேண்டும் என்று புத்தகோசர் தனியாகவும் சொல்கிறார். தவிர்க்க வேண்டிய தங்குமிடங்களின் 18 குறைகளையும் வரிசைப்படுத்துகிறார். பழமரங்கள் இருப்பது ஒரு குறை. புகழ்பெற்ற இடமாக இருப்பது இன்னொரு குறை, பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்களாம். நம்முடைய ரிசார்ட் விளம்பரங்கள் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் அடிபட்டுப் போகும்.

எப்போதும் காட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்ட ஒருவரும் இருந்தார். தேவதத்தன். பிக்குகள் வாழ்நாள் முழுக்க வனத்திலேயே வாழ வேண்டும், மரத்தடியிலேயே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் புத்தரிடம் வைத்த ஐந்து கோரிக்கைகளில் அடங்கும். கட்டாய விதியாக்கச் சொன்னான். புத்தர் மறுத்துவிட்டார். விரும்புகிறவர் வனத்தில் இருக்கட்டும், விரும்புகிறவர் ஊரருகே இருக்கட்டும். மரத்தடி வாசம் வருடத்தில் எட்டு மாதம் போதும். பௌத்த மரபு தேவதத்தனைச் சங்கத்தைப் பிளந்தவனாக நினைவில் வைத்திருக்கிறது. தீவிரமானவனாகத் தெரிந்தவன் அவன்தான் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

மீதி நான்கு மாதம் என்ன? மழைக்காலம்.

*

புத்தரின் காலத்தில் பிக்குகள் முதலில் எல்லாப் பருவத்திலும் நடந்துகொண்டே இருந்தார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள். மழையில் முளைத்த பசும்புல்லை மிதிக்கிறார்கள், சின்னச் சின்ன உயிர்களைக் கொல்கிறார்கள், பறவைகள்கூட மழைக்கு மரத்தில் கூடு கட்டி ஒதுங்குகின்றன, இவர்களுக்கு என்ன என்று கேட்டார்கள். அந்த முணுமுணுப்பிலிருந்து வந்ததுதான் மூன்று மாத மழைக்கால வாசம். திரிவதே வாழ்க்கை என்று புறப்பட்டவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தது ஊர்க்காரர்களின் குறைதான். மேலிருந்து ஞானமாக இறங்கிய விதி இல்லை.

எங்கே உட்காரக் கூடாது என்பதற்கும் பட்டியல் உண்டு. மரப்பொந்தில் கூடாது, மரக்கிளைக் கவையில் கூடாது, குடைக்குக் கீழ் கூடாது, பெரிய சால் பானைக்குள் கூடாது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முயன்று பார்த்த பிறகுதானே தடை போட்டிருப்பார்கள்! பானைக்குள் மழைக்காலத்தைக் கழித்த அந்தப் பிக்குவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் இந்தப் பகுதியில் என்னை நிறுத்தியது வேறொரு விதி. மழைக்கால வாசத்துக்கு உட்கார்ந்த பிக்கு மூன்று மாதம் நகரக் கூடாது. ஒருவேளை அவர் நம்பியிருக்கும் ஊர் கொள்ளையருக்குப் பயந்து இடம்பெயர்ந்தால்? ஊரோடு போகலாம். ஊர் இரண்டாகப் பிரிந்து போனால்? அதிகம் பேர் போகும் பக்கம் போகலாம். மாட்டுப்பட்டியில் மழைக்காலத்தைக் கழிக்கலாமா? கழிக்கலாம், பட்டி நகர்ந்தால் கூடவே போகலாம். வணிகர்களின் வண்டிச்சாத்தோடு இருக்கலாம். படகிலும் இருக்கலாம். நிலையாக இருப்பதன் பொருள் மண்ணில் ஓர் இடத்தில் இருப்பது இல்லை, சோறு போடும் மனிதர்களோடு இருப்பது.

யுவான் சுவாங் 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்தபோது அங்கே நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற வேண்டும் என்பது அவர் திட்டம். ஆனால் இலங்கையிலிருந்து முந்நூறு பிக்குகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், சார்ந்திருக்க யாரும் இல்லை என்றார்கள். யுவான் சுவாங் திட்டத்தைக் கைவிட்டார். கடலைத் தாண்டி அந்த முந்நூறு பேரை நடத்தியது தரிசனமோ தேடலோ இல்லை. பசி. அதைச் சொல்வதில் அவர்களுக்கு வெட்கமும் இருக்கவில்லை.

*

என் நண்பன் ஒருவன் வேலை போன பிறகு ஆறு மாதத்துக்குக் கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில், ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தான். கையிருப்பைக் கணக்குப் போட்டு, ஆறு மாதம் தாங்கும் என்று முடிவு செய்துதான் போனான். யாரோடும் பேசக் கூடாது என்பதும் அவன் கணக்கில் சேர்த்தி. மலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்கிறார்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்கிறார்கள். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் ஏறிக்கொண்டார்களாம். மலையாளி என்பதற்கு மலையை ஆள்கிறவர் என்று பொருள் சொல்வார்கள்.

நான் இரண்டு முறை போய்த் தங்கினேன். பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருந்தார். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும், அதைத் தாண்டிக் கோரக்கர் குகைக்கும் வருகிற சாமியார்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நெறைய பேரு வருவாங்க தம்பி. பௌர்ணமிக்கு வர்றவங்க, குகைக்குப் போறவங்க. டீக்குக் காசு கேப்பாங்க, பீடிக்குக் கேப்பாங்க. ஒருத்தரு மட்டும் எதுவுமே கேக்க மாட்டாரு. வந்து வாசல்ல நிப்பாரு. அவ்ளோதான்."

"குடுக்கற வரைக்கும் நிப்பாருங்களா?"

"எங்க நிக்கறாரு! செத்த நேரம் பாப்பாரு, ஆளு வெளிய வரலைன்னா அடுத்த வூட்டுக்குப் போயிடுவாரு. அதானே கஷ்டம். அடுப்படியில இருந்து நான் ஓடியாரணும்."

அவர் பௌத்தர் இல்லை. நெற்றி நிறைய திருநீறு பூசியிருப்பாராம். ஆனால் விநயத்தில் இருக்கும் அதே நிற்றல். கேட்காமல் நிற்கிறவருக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. கேள்வியே இல்லாத இடத்தில் பதில் எப்படிச் சொல்வது? நாமாக எழுந்து போக வேண்டும், அல்லது போகாமல் இருக்க வேண்டும்.

என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். இப்போது ரேஷன் அரிசிச் சோறு, எப்போதாவது களி. முன்பெல்லாம் சாமைச் சோறு. சாமை விளைந்தால் மட்டும் போதாது, உரலில் போட்டு உலக்கையால் குத்தி உமி நீக்க வேண்டும். அது முழுக்கப் பெண்கள் வேலை. கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்துபோனதற்கு மரவள்ளி ஒரு காரணம் என்றால் (கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது போகிறது), இந்தக் குத்தும் வேலை இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களைக் காக்க வேலை செய்தபோது உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது இதனால்தான். ஆகவே அந்தக் காலத்தில் வாசலில் நின்றவருக்குப் போட்ட ஒரு கைப்பிடி சாமைச் சோறு என்பது யாரோ ஒரு பெண்ணின் தோள்வலி. திரிகிறவரின் சுதந்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தோளைப் பற்றி எழுதுவது குறைவு.

"இப்ப வர்றதில்லைங்களா அவரு?"

"ரெண்டு வருசமாக் காணோம். எங்க கெடக்கறாரோ. மழ புடிச்சா நெனச்சுக்குவேன்."

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். ஆயாவுக்குத் தெரியவில்லை. கேட்டதே இல்லையாம்.

*

சங்கத்திடம் ஓர் ஆயுதம் இருந்தது. கலம் கவிழ்த்தல். சங்கத்துக்குத் தீங்கு செய்த இல்லறத்தாரைத் தண்டிக்க வேண்டுமென்றால் அவர் வீட்டில் பிச்சை வாங்க மறுப்பார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். 2007 செப்டம்பரில் பர்மாவின் பிக்குகள் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவில் நடந்தபோது இதைத்தான் செய்தார்கள். தளபதிகள் கொடுக்கும் எதையும் வாங்குவதில்லை என்று அறிவித்துப் பாத்திரங்களைக் கவிழ்த்தார்கள். பிச்சைக்காரன் பிச்சையை மறுப்பது எப்படித் தண்டனையாகும்? ஆயாவின் பேச்சைக் கேட்ட பிறகு அது எனக்கு விளங்கியது. கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் போவதும் ஒரு இழப்புதான்.

நம் இலக்கியத்தில் இந்த உறவைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தவள் மணிமேகலை. அவள் கையில் இருக்கும் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது. ஊருக்கே சோறு போடும். அப்படிப்பட்ட அற்புதப் பாத்திரத்துக்கும் முதல் பிச்சை ஒன்று தேவைப்படுகிறது. ஆதிரை என்ற பெண் தன் வீட்டுச் சோற்றை இட்ட பிறகுதான் அது சுரக்கத் தொடங்குகிறது. அற்புதம் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றுதான் ஆக வேண்டும் என்று அந்தக் காவியம் வைத்திருக்கிறது.

*

இந்த மலையைச் சுற்றிய சமவெளிகளில் ஒரு காலத்தில் அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். உரகபுரத்தைச் சேர்ந்த புத்ததத்தர், அது உறையூர் என்று சொல்லப்படுகிறது, 5-ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரை விகாரைகளில் இருந்து எழுதினார். களப்பிர அரசன் அச்சுதவிக்கந்தனின் ஆட்சி என்று அவரே குறிப்பிடுகிறார். அவர் அங்கே எழுதிய நூல்களில் ஒன்று விநயத்தைப் பற்றியது. இந்தப் பாத்திர விதிகளெல்லாம் காவிரித் தண்ணீர் குடித்த ஒருவர் கையாலும் செய்யுளாக்கப்பட்டவை. கொல்லிமலைக் குகைக்குப் பெயர் கொடுத்த கோரக்கரின் பெயர் நம் பதினெண் சித்தர் பட்டியலில் இருக்கிறது. திபெத்திய பௌத்தத்தின் 84 மகாசித்தர் பட்டியலிலும் கோரக்ஷர் இருக்கிறார். மலைக்கு வடக்கே, ஆத்தூரைத் தாண்டித் தலைவாசலுக்கு அருகே தியாகனூரில், ஆளுயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் இரண்டு கல் புத்தர்கள் இருக்கிறார்கள்.

பிறகு வாசல்கள் மூடின. யுவான் சுவாங் வந்த காலத்திலேயே சோழ நாட்டு விகாரைகள் பாழடைந்திருந்தன. பக்தி இயக்கம், அரசர்களின் சாய்வு என்று காரணங்களைப் படித்திருக்கிறோம். ஆனால் பிக்குவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு எளிய நிகழ்வாக இருந்திருக்கும். ஒரு நாள் காலையில் நான்கு வீடுகளில் யாரும் வெளியே வரவில்லை. மறுநாள் ஆறு வீடுகள். விதிப்படி அவர் வேறு எதுவும் செய்ய முடியாது. விதைக்க முடியாது, சேர்த்துவைக்க முடியாது, பழம் பறிக்க முடியாது. நடந்து போய்விட வேண்டியதுதான். சார்பை அறுக்கவே முடியாதபடி கட்டிய ஓர் அமைப்பு, மறுமுனை அறுந்தபோது சத்தமில்லாமல் நின்றது.

சேலம் பெரியேரியில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. தலைவெட்டி முனியப்பன் கோயில். அர்த்த பத்மாசனத்தில், தியான முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் சிலை. தலை ஒரு காலத்தில் துண்டிக்கப்பட்டுப் பிறகு ஒட்டவைக்கப்பட்டது, கொஞ்சம் சாய்ந்திருக்கும். இது புத்தர் என்று 2011-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். தொல்லியல் துறையின் குழு ஆராய்ந்து, புத்தர்தான் என்றது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, சிலையைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுக்கட்டும், புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்கட்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசைகள் கூடாது என்று உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். வெட்டப்பட்டவருக்கு அவர் பெயர் திரும்பக் கிடைக்க வேண்டும். தலையை வெட்டியதையே பெயராக வைத்து ஒருவரைக் கூப்பிடுவதில் இருக்கும் வன்முறையை 'நாட்டுப்புற வழக்கம்' என்று சொல்லி மழுப்ப முடியாது.

ஆனால் அந்தக் கடைசி வாசகம், பூசைகள் கூடாது என்பது, என்னுள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. யாரோ தலையை வெட்டினார்கள். யாரோ அந்தத் தலையை எடுத்துவந்து ஒட்டவைத்தார்கள். அவர் யார் என்பதை மறந்துபோன பிறகும், பெயரே தெரியாத பிறகும், தலைமுறை தலைமுறையாக அவர் முன்னால் எதையாவது கொண்டுவந்து வைத்தார்கள். முனி என்றார்கள், அந்த ஒரு சொல் மட்டும் தப்பவில்லை, சாக்கிய முனி. கேட்காமல் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் பெயர் கேட்காமல் கொடுத்தார்கள். வளப்பூர் நாட்டு ஆயாவைப் போல. பௌத்தத்தின் கொள்கைகள் அந்த மக்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பாத்திரத்தின் மறுமுனையை அவர்கள்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயரை அவருக்குக் கொடுப்பதற்கு, அவர்களை எட்ட நின்று பார்க்கும் பார்வையாளர்களாக ஆக்கித்தான் தீர வேண்டுமா? சட்டத்துக்கு அதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. எனக்கு இந்தக் கேள்வியை விடவும் முடியவில்லை.

*

நண்பனின் ஆறு மாதம் போன மாதம் முடிந்தது. இன்னும் மூன்று மாதம் இருக்கப் போகிறானாம். கையிருப்பு கரைகிறது என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்காரர் அவனிடம், உள்ளே தள்ளி இதைவிட அமைதியான ஒரு வீடு காலியாக இருக்கிறது, சுற்றிலும் மிளகுத் தோட்டம்தான், ஒரு தொந்தரவும் இருக்காது, வாடகையும் குறைவு என்றிருக்கிறார். அவன் போகவில்லை.

"ஏன்டா, நீ தேடுனதே அதானே?" என்றேன்.

"அங்க இருந்து எவ்ளோ தூரம்னு நடந்து பாத்தேன். ஆயா வூட்டு மாடு கத்துறது கேக்கல" என்றான்.